மஸ்கட்டில் வரைந்த வழி

திருத்தணி
9 ஜூன் 2024, ஞாயிறு

பாவா,

நேற்றும் போனில் பேசினோம். அதைப் பேச்சு என்று சொல்லலாமா தெரியவில்லை. அந்த அறையில் உங்களோடு ஆறு பேர் இருக்கிறார்கள். நான் எதைக் கேட்டாலும் "ஆங், சாப்டேன், ஆங்" என்று மட்டும் வருகிறது. இங்கே அத்தை எதிரில் உட்கார்ந்து தன் முறைக்காகக் காத்திருக்கிறார். உங்கள் அம்மாவைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு விஷயத்தை நிதானமாகக் கேட்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் மெயிலில் கடிதமாக எழுதுகிறேன். நீங்கள் எழுதும் பதிலை என் போன் என் காதுக்கு மட்டும் படித்துக் காட்டும்.

ரெட்டை சைக்கிளை வெளியே எடுக்கலாம் என்று இருக்கிறேன்.

போன வருஷம் மார்ச்சில் நீங்கள் மஸ்கட்டுக்குக் கிளம்பியதிலிருந்து அது மாடிப்படிக்குக் கீழேதான் நிற்கிறது. அத்தை அதன்மேல் புடவை காயப்போடுகிறார். நான் அவ்வப்போது துடைத்து வைப்பேன். சில நாள் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிப் பார்ப்பேன். நீங்கள் இரண்டு சீட்டின் பெடலையும் ஒரே செயினில் கட்டியிருக்கிறீர்களே, முன் பெடலும் கூடவே சுற்றும். யாருமே மிதிக்காத பெடல் சுற்றுகிற சத்தம் எனக்குப் பிடிப்பதில்லை. உடனே நிறுத்திவிடுவேன்.

எங்கள் பேங்க்கில் நிர்மலா என்று ஒருத்தி ஏப்ரலில் மாற்றலாகி வந்தாள். கும்பகோணத்துப் பக்கம். காலேஜ் முடிக்கும்வரை சைக்கிளில்தான் போய்வந்தாளாம். போன வாரம் வீட்டுக்கு வந்தவள் சைக்கிளைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் தான் முன்னால் உட்கார்ந்து ஓட்டுவதாகச் சொன்னாள். பள்ளிக்கூட மைதானத்தில் பழகிப் பார்த்தோம். ஒரு தடவைகூட விழவில்லை.

சிக்கல் என்னவென்றால், அவளுக்குக் கண் தெரியும், ஊர் தெரியாது. எனக்கு ஊர் தெரியும், எங்கே நிற்கிறோம் என்று தெரியாது. நீங்கள் ஓட்டியபோது நான் வழியைப் பற்றி நினைத்ததே இல்லை. நீங்கள் திரும்பினால் நானும் கூடவே சாய்வேன், அவ்வளவுதான்.

இன்று காலையில் என் போனில் மேப் போட்டுக்கொண்டு திருவாலங்காடு போகலாம் என்று கிளம்பினோம். அது எங்களை லாரி போகிற ஹைவேக்கே திரும்பத் திரும்ப இழுத்தது. பாதி வழியில் வெயில் தாங்காமல் போன் அணைந்துவிட்டது. மற்றவர்களுக்கு அணைந்தால் போன் மட்டும்தான் போகும். எனக்கு மணி தெரியாது, ஒருவரைக் கூப்பிட முடியாது, எதுவுமே இல்லை. நிர்மலா பயந்துபோய்த் திரும்பலாம் என்றாள்.

சைக்கிளில் வைக்கிற ஜிபிஎஸ் கருவிகளை, நீங்கள் வேலை பார்க்கிற சைக்கிள் கடையில் விற்பதாகச் சொல்வீர்களே. எங்களுக்கு எது சரிப்படும்? தெரிந்தவர் நீங்கள்தான், சொல்லுங்கள்.

வரா

*

மஸ்கட்
14 ஜூன் 2024

வராவுக்கு,

கடிதம் கிடைத்தது. கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

ஜிபிஎஸ் கருவிகள் பல விதம். தொட்டு இயக்குகிற பெரிய திரை வைத்தவை அழகாக இருக்கும், சார்ஜ் சீக்கிரம் தீரும். சின்னத் திரை வைத்தவற்றில் சார்ஜ் நாள் முழுக்க நிற்கும், ஆனால் மேப் சரியாகத் தெரியாது. ரொம்ப மலிவானவை வேகத்தையும் தூரத்தையும் மட்டும் காட்டும், வழி சொல்லாது. எதுவுமே வாய்விட்டுப் பேசாது. திரும்ப வேண்டிய இடம் வந்தால் 'பீப்' என்று ஒரு சத்தம், திரையில் ஒரு அம்புக்குறி. அம்பைப் பார்க்க முடிகிறவர்களுக்குத்தான் அது உபயோகம்.

நம்ம பக்கத்து கிராமத்து ரோடுகள் பல கருவிகளில் இருக்கவே இருக்காது. இங்கே வாங்குகிறவர்கள் கடற்கரை ரோட்டில் விடியற்காலையில் ஓட்டுகிறவர்கள். அவர்களுக்கு வழியே தேவையில்லை, எவ்வளவு வேகம் என்று பார்க்கத்தான் வாங்குகிறார்கள்.

அந்த நிர்மலா எவ்வளவு எடை? முன்னால் உட்காருகிறவருக்குப் பின்னால் இருப்பவரைவிடக் கனம் வேண்டும், இல்லாவிட்டால் இறக்கத்தில் ஹேண்டில் ஆடும். பின் பிரேக் கேபிளை நான் மாற்றி ரொம்ப நாளாகிறது. கனகம்மாசத்திரத்தில் மணல் லாரி திரும்புகிற இடம் உனக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூட மைதானமும் ரோடும் ஒன்றில்லை.

இன்னும் கொஞ்ச நாள் பொறு. நான் வந்துவிட்டால் ஜிபிஎஸ் எதற்கு?

இங்கே வெயில் கொடுமையாக இருக்கிறது. மற்றபடி நலம்.

தீனதயாளன்

*

திருத்தணி
16 ஜூன் 2024, ஞாயிறு

பாவா,

என் போனின் குரலுக்குக் கோபமும் தெரியாது, பிரியமும் தெரியாது. எல்லாவற்றையும் ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரிதான் படிக்கும். அப்படிப் படித்தும் உங்கள் கோபம் எனக்குக் கேட்டது. கடைசியில் 'தீனதயாளன்' என்று முழுப்பெயரையும் போட்டிருந்தீர்கள். என்னிடம் எப்போது அப்படிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்?

நான் வண்டியை எடுப்பது பிடிக்கவில்லை என்றால் அதைச் சொல்லியிருக்கலாம். அதை விட்டுவிட்டு நிர்மலாவின் எடையைக் கேட்கிறீர்கள். என்னைவிடக் கனம்தான். போதுமா?

இன்னும் கொஞ்ச நாள் பொறு என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு நாள் பாவா? நேற்று ஆர்.கே.பேட்டையிலிருந்து உங்கள் அண்ணன் வீராசாமி வந்திருந்தார். காபி குடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்: "தீனா இன்னும் ரெண்டு வருஷம் அங்கயே இருப்பான் போலக்குது. மொதலாளி கையெழுத்து கேட்டுகினு இருக்காராமே."

எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று அவர் நினைத்துவிட்டார். நானும் தெரிந்த மாதிரி தலையை ஆட்டினேன். அத்தை பேச்சை மாற்றினார், அதிலிருந்து அவருக்கும் தெரியும் என்று புரிந்தது. இந்த வீட்டில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியாது.

வெளியில் என்னிடம் எத்தனையோ பேர் எத்தனையோ விஷயங்களை மறைத்திருக்கிறார்கள். கண்ணில்லாதவளிடம் மறைப்பது சுலபம் என்று நினைப்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் அப்படி நினைத்ததே கிடையாது. இப்போது நினைத்துவிட்டீர்களோ என்று பயமாக இருக்கிறது. இதைத் தவிர உங்கள்மேல் எனக்கு வேறு வருத்தம் இல்லை.

ஜிபிஎஸ் வேண்டாம். போகிற வழியில் ஆட்களைக் கேட்டுக்கொண்டு போகிறோம்.

வரலட்சுமி

*

மஸ்கட்
5 ஜூலை 2024

வரா,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து எழுந்துபோன நாட்கள் நிறைய. நடுவில் போனில் இரண்டு தடவை பேசினோம். நீ மழை பெய்ததா என்று கேட்டாய். இந்த ஊரில் ஜூனில் ஏது மழை. வேறு எதையும் கேட்க மனசில்லாமல் கேட்டாய் என்று தெரிந்தது.

முதலாளி கேட்டது உண்மை. வருகிற மார்ச்சோடு ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஆகஸ்ட் முடிவதற்குள் கையெழுத்துப் போடச் சொல்கிறார். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. ரோட்டை அகலப்படுத்த ஊரில் நம்ம சைக்கிள் கடையை இடித்த அன்றைக்கு நீ என் பக்கத்தில்தான் நின்றாய். ஷட்டர் விழுந்த சத்தத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாய். திரும்பி வந்து எங்கே, எதை வைத்து ஆரம்பிப்பேன் என்று நினைத்தால் எனக்குப் பயம் வருகிறது. அண்ணனிடம் அந்தப் பயத்தைச் சொல்ல முடிந்தது. உன்னிடம் சொன்னால் நீ "வந்துவிடுங்கள்" என்பாய், நான் வந்துவிடுவேன். அதனால்தான் சொல்லவில்லை. உனக்குக் கண் தெரியாது என்பதற்காக இல்லை. அதை மட்டும் நம்பு.

நிர்மலாமேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அந்த முன் சீட்டில் வேறொருவர் உட்காரப் போகிறார் என்று படித்ததும் என்னால் சாப்பிட முடியவில்லை. ஏற்றத்தில் உன் மூச்சு என் முதுகில் படும். நீ மிதிப்பதைக் கொஞ்சம் தளர்த்தினால்கூட என் காலுக்குத் தெரிந்துவிடும். இங்கே ரிப்பேர் முடிந்த சைக்கிள்களைத் தினமும் ஓட்டிப் பார்க்கிறேன். எல்லாம் ஒரு விரலில் தூக்கிவிடலாம், அவ்வளவு லேசு. பின்னால் ஆள் இல்லாமல் ஓட்டுவது எனக்கு இன்னும் பழகவில்லை.

போன வாரம் வயதான வெள்ளைக்காரத் தம்பதி ரெட்டை சைக்கிளோடு கடைக்கு வந்தார்கள். ஜிபிஎஸ்ஸை யார் வைத்துக்கொள்வது என்று அவர்களுக்குள் வாக்குவாதம். கடைசியில் அந்த அம்மா, "நீ ரோட்டைப் பார், வழியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி அதைப் பின்னால், தன் கைப்பிடியில் மாட்டச் சொன்னார். எனக்கு அது தோன்றவே இல்லை. நான் முன்னால் உட்காருகிறவரை வைத்தே யோசித்துக்கொண்டிருந்தேன்.

கடை மூடியபிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கருவியாக எடுத்துப் பார்த்தேன். தொடுதிரையில் விரலுக்கு ஒன்றும் அகப்படவில்லை. எங்கே அழுத்துகிறோம் என்றே தெரியவில்லை. அதைத் தள்ளிவைத்தேன். பக்கவாட்டில் பொத்தான் வைத்த சின்னது ஒன்று இருக்கிறது. பழைய ரகம், அதனால் இங்கே யாரும் கேட்பதில்லை. இடது பக்கம் மூன்று பொத்தான், வலது பக்கம் இரண்டு, ஒவ்வொன்றும் தனியாகத் தட்டுப்படுகிறது. வெயிலில் அணையாது. அதை உன் போனோடு சேர்த்துவிட்டால், திருப்பம் வருவதற்கு முன்பே போன் உன் காதில் இடது, வலது என்று ஆங்கிலத்தில் சொல்லும். மேப் போடுகிற வேலை போனுக்கு இல்லை என்பதால் அது பைக்குள் கிடக்கலாம், சூடாகாது. கேட்டு நீ நிர்மலாவுக்குச் சொன்னால் போதும்.

நான் அதை எடுத்ததற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. வேறொருவர் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கிற வழியை அது அப்படியே ஏற்றுக்கொள்ளும். ஹைவேக்கு இழுக்காது. அதனால் நான் வரைந்துவிட்டேன். திருத்தணியிலிருந்து கனகம்மாசத்திரம் வரை லாரி வராத உள்ரோடு, அங்கிருந்து திருவாலங்காடு, பிறகு மணவூர் ஸ்டேஷன் வரை. நாம் வழக்கமாகப் போவதுதான். ஒவ்வொரு வளைவாக நினைத்து நினைத்து வரைந்தேன். பாதி ராத்திரிவரை ஊரில்தான் இருந்தேன் என்று வைத்துக்கொள்.

என் அறையில் இருக்கிற அரக்கோணத்துப் பூபாலன் ஆடிக் கிருத்திகைக்கு ஊருக்கு வருகிறான். அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். கூடவே பிரேக் கேபிளும் இருக்கிறது. ஓட்டுவதற்கு முன் மாற்றிவிடு.

உன்
தீனா

*

திருத்தணி
11 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

பாவா,

ஜிபிஎஸ் வந்து சேர்ந்தது. கிருத்திகைக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு பூபாலன் வீட்டுக்கு வர ராத்திரி ஆகிவிட்டது. தெருவெல்லாம் காவடி, பேங்க் வாசல்வரை மொட்டைத் தலைகள் என்று சொல்லிச் சிரித்தார். உங்களைப் பற்றிக் கேட்டேன். இளைத்திருக்கிறீர்கள் என்றார். அதை நீங்கள் சொல்லவில்லை.

முதலில் உங்கள் கடிதத்துக்குப் பதில். நம்பினேன். படித்த அன்றைக்கே நம்பிவிட்டேன். எழுதத்தான் நாளாகிவிட்டது.

கேபிளை மாற்றினோம். ஜிபிஎஸ்ஸை என் கைப்பிடியில் மாட்டினோம். பொத்தான்கள் ஒரு நாளில் பழகிவிட்டன. இன்று காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். காதில் அந்த இங்கிலீஷ் குரல் சொல்லச் சொல்ல நான் "லெஃப்ட் வருது நிர்மலா, இன்னும் கொஞ்சம் போ" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் திருப்பினாள். நான் சொல்லி வண்டி திரும்புகிறது, பாவா. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. நிர்மலா ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டாள். அதற்குள் அழுகை வந்துவிட்டது. ஏற்றத்தில் அவள் பேசவே மாட்டாள், தம் பிடித்து மிதிப்பாள். நீங்கள் ஏற்றம் முடிகிறவரை ஏதாவது பேசிக்கொண்டே வருவீர்கள்.

திருவாலங்காடுவரை உங்கள் வழி அச்சுப் பிசகாமல் வந்தது. கோவில் வாசலில் இளநீர் குடித்தோம். அங்கிருந்து மணவூருக்குக் கரும்புக் கொல்லைக்கு நடுவில் ஒரு குறுக்கு ரோடு போட்டிருந்தீர்கள் அல்லவா, அதில் திரும்பினோம். கொஞ்ச தூரம் போனதும் நிர்மலா பிரேக் பிடித்துவிட்டாள். "சுவரா இருக்கு" என்றாள். நேராகப் போ என்று என் காதில் குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. சைக்கிளை நிறுத்தச் சொல்லிவிட்டு நான் இறங்கிப் போய்த் தொட்டுப் பார்த்தேன். புது சிமெண்ட் சுவர், காலை வெயிலிலேயே சுட்டது. நீங்கள் வரைந்த வழி அதற்குள்ளே போய்க்கொண்டிருந்தது.

கொல்லையில் காய்ந்த கரும்புச் சோகை உரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா சத்தம் கேட்டு வந்தார். தாயாரம்மாள் என்று பெயர் சொன்னார். "அந்த ரோடு இப்ப இல்லம்மா. பிளாட்டு போட்டு அடச்சிட்டாங்க. போன வருஷம் தீபாவளிக்கு முன்னாடியே அடச்சாச்சு. யாரு உங்களுக்கு இந்த வழிய சொன்னது?"

என் வீட்டுக்காரர் என்றேன். எங்கே இருக்கிறார் என்று கேட்டார். மஸ்கட்டில் என்றேன். அவர் கையிலிருந்த சோகையைக் கீழே போடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அவருக்கு எப்படிம்மா தெரியும்" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை, எனக்காக வருத்தப்பட்டுத்தான் சொன்னார். ரயில் ரோட்டை ஒட்டிப் புதிதாகப் போட்ட பாதை வரைக்கும் கூடவே நடந்து வந்து விட்டுவிட்டுப் போனார்.

அந்தச் சுவருக்கு முன்னால் நின்றபோது எனக்குத் தோன்றியதை எழுதிவிடுகிறேன். ஒவ்வொரு வளைவாக நினைத்து வரைந்தேன் என்றீர்கள். நீங்கள் நினைத்தது நீங்கள் கிளம்பிய நாளில் இருந்த ஊரை. நானும் அப்படித்தான் என்னை வைத்திருந்தேன். நீங்கள் விட்டுப்போன இடத்திலேயே, படிக்குக் கீழே நின்ற சைக்கிள் மாதிரி. இன்றைக்கு வெளியே போய்ப் பார்த்தால் ஊர் நமக்காக நிற்கவில்லை. நானும் இனிமேல் நிற்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போகப் போகிறேன்.

இன்னொன்று. நீங்கள் இல்லாமல் என்னால் ஓட்ட முடியாமல் போயிருந்தால்கூட இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. ஓட்ட முடிந்தது. மணவூர் ஸ்டேஷனில் இறங்கி நின்றபோது சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தைச் சொல்லப் பக்கத்தில் நீங்கள் இல்லை. அப்போது ரயில் ஒன்று நிற்காமல் போனது.

கையெழுத்தைப் பற்றி. உன்னிடம் சொன்னால் வந்துவிடுங்கள் என்பாய் என்று எழுதியிருந்தீர்கள். சரியாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறீர்கள். போனில் சொன்னால் அங்கே ஆறு பேருக்கும் இங்கே அத்தைக்கும் கேட்கும், நான் சொல்லமாட்டேன். இங்கே சொல்கிறேன். வந்துவிடுங்கள் பாவா. கடைக்கு இடம் கிடைக்காவிட்டால் நம் வீட்டு வாசலில் பஞ்சர் ஒட்டுங்கள். எனக்குச் சம்பளம் வருகிறது. நீங்கள் பயப்படுவதாக இருந்தால் என் பக்கத்தில் இருந்து பயப்படுங்கள்.

இன்றைக்கு நாங்கள் போன வழியை ஜிபிஎஸ் பதிவு செய்து வைத்திருக்கிறது. நிர்மலா அதை எடுத்துக் கொடுத்தாள். இதோடு அனுப்புகிறேன்.

வரா

*

மஸ்கட்
16 ஆகஸ்ட் 2024

வரா,

உன் கடிதத்தை மெக்கானிக் மேஜைக்குப் பின்னால் நின்று படித்தேன். நீ அனுப்பிய வழியைக் கடைக் கம்ப்யூட்டரில் திறந்து, நான் வரைந்ததன்மேல் வைத்துப் பார்த்தேன். திருவாலங்காடுவரை ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே கோடு. அதற்கப்புறம் என் கோடு நேராகப் போகிறது. உன்னுடையது ஒரு இடத்தில் நின்று, சுற்றிவந்து, ரயில் ரோட்டை ஒட்டிப் போகிறது. வாடிக்கையாளர் ஒருவர் வந்து கூப்பிடும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நேற்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். மார்ச்சுக்கு மேல் இருக்கமாட்டேன் என்று. சம்பளம் போதவில்லையா என்று கேட்டார். இல்லை, வீட்டுக்குப் போக வேண்டும் என்றேன். எல்லோருக்கும்தான் வீடு இருக்கிறது என்றார். அவருக்குக் கோபம்தான். இன்றைக்கு என்னைக் கவுண்டரிலிருந்து எடுத்துப் பின்னால் குடோனில் பெட்டி பிரிக்கப் போட்டிருக்கிறார். பரவாயில்லை. அங்கே ஆள் கிடையாது, உனக்கு எழுத நேரம் கிடைக்கும்.

சொல்லி முடித்து வெளியே வந்தபோது பயம் போகவில்லை. கூடவே வந்தது. ஆனால் மார்ச் என்று சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னும் ஏழு மாசம். அது ரொம்பத் தூரமாகத் தெரிகிறது.

இனிமேல் நான் வழி வரைந்து அனுப்பமாட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் போன வழியை நீ அனுப்பு. எங்கே என்ன மாறியிருக்கிறது என்று எழுது. நான் படித்துத் தெரிந்துகொள்கிறேன். நிர்மலாவிடம் நான் விசாரித்ததாகச் சொல். இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் பிடிக்க வேண்டாம் என்றும் சொல்.

இளைக்கவில்லை. பூபாலன் அப்படித்தான் சொல்வான். கொஞ்சம்தான்.

தீனா

*

திருத்தணி
25 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

பாவா,

மார்ச் என்று நீங்கள் எழுதியதைப் போன் படித்ததும், அதை அங்கேயே நிறுத்தி அந்த வரியைத் திரும்பப் படிக்க வைத்தேன். பிறகு அத்தையிடம் போய்ச் சொன்னேன். அவர் போய்ச் சைக்கிள்மேல் கிடந்த புடவையை எடுத்தார். இனிமேல் கொடியில் போட்டுக்கொள்கிறேன் என்றார்.

நீங்கள் வருகிறீர்கள் என்று கேட்டதும் நிர்மலா மார்ச்சில் சீட்டைக் காலி செய்துவிடுகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஞாயிறு காலை அவளோடுதான் போவேன். அவளுக்கும் இந்த ஊரில் வேறு யாரும் இல்லை. சாயங்காலம் எல்லாம் உங்களோடு. அது தவிர மற்ற ஆறு நாளும் இருக்கிறது.

இன்றைக்குப் போன வழியை அனுப்புகிறேன். நகரி ரோட்டில் ஆந்திரா எல்லை வரைக்கும் போய்வந்தோம். வழியில் பாதி தூரம் புதுத் தார். உங்களுக்குப் பழக்கமான பள்ளங்கள் இல்லை, புதிதாக மூன்று வேகத்தடை வந்திருக்கிறது. மூன்றாவது ஒரு புளியமரத்து நிழலில் இருக்கிறதாம், நிர்மலாவுக்கே கடைசி நிமிஷத்தில்தான் தெரிந்தது. தூக்கிப்போட்டதில் என் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நீங்கள் முன்னால் இருந்தால் நீங்களும் அதைக் கவனித்திருக்கமாட்டீர்கள்.

ஆனால் மார்ச்சில் கவலை இல்லை. அந்த வேகத்தடையை ஜிபிஎஸ்ஸில் குறித்து வைத்திருக்கிறேன், ஐம்பது அடி முன்னாலேயே நான் சொல்லிவிடுவேன். நீங்கள் வந்து மிதியுங்கள்.

வரா